ராஜா முதுகில் ஒரு புள்ளி

ரப்பர்ப் பால் கொட்டிலின் வாசலில் மட்டும்தான் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. வெளியே மழை. நான் ஆடுதன் ராஜாவை, ஹார்ட் இனத்துச் சீட்டை, கவிழ்த்துப் பிடித்து, வாசல் பக்கம் சாய்த்துப் பார்த்தேன். சீட்டின் முதுகில், மூலையோரமாக, கடுகு அளவுக்கு ஒரு பழுப்புப் புள்ளி.

வேறு யாராவது என்றால் அழுக்கு என்று விட்டிருப்பார்கள். என்னால் முடியாது. மற்றவர்கள் தேத்தண்ணி குடிக்க எழுந்த நேரம் பார்த்து, மொத்தக் கட்டையும் எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். நாலு ஏஸிலும் புள்ளி. மூன்று ராஜாவில் புள்ளி. ராணியில் இரண்டு. சில்லறைச் சீட்டுகள் எல்லாம் சுத்தம். இடையில் இரண்டு ஏழுகளில் மட்டும் புள்ளி இருந்தது. அது நம்மைக் குழப்புவதற்காக வைத்தது என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டினேன்.

உண்மையைச் சொன்னால், எனக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. இத்தனை நாள் நான் சந்தேகப்பட்டது வீண் போகவில்லையே என்ற சந்தோஷம்.

போன வாரம் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஆடு காணாமல் போன கதையை இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, "உங்களுக்கு உலகத்தில் யார் மேலும் நம்பிக்கையே கிடையாதா?" என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார். அவருக்குப் பதிலாக இந்தச் சீட்டுக்கட்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மரம் காய்கிற வரைக்கும்

ரப்பர் தோட்டத்து வேலை தேயிலை மாதிரி இல்லை. அங்கே நனைந்துகொண்டே கொழுந்து எடுக்கலாம். ஈரமான மரத்தில் பால் வெட்ட முடியாது. வெட்டினால் பால் சிரட்டைக்கு வராமல் மரம் முழுக்க வழிந்து வீணாய்ப் போகும்.

எங்கள் தோட்டம் எஹலியகொடவுக்கு மேலே. வானம் எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று யாராலும் சொல்ல முடியாத இடம். விடியற்காலை பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளையிடம் பேர் கொடுத்துவிட்டு, மழை என்றால் பால் கொட்டிலில் போய் உட்காருவோம். பத்து மணிக்குள் மரம் காய்ந்தால் வெட்டு. காயவில்லை என்றால் புல் வெட்ட அனுப்பிவிடுவார்கள்.

அந்த இரண்டு மூன்று மணி நேரம்தான் எங்கள் சீட்டாட்டம். காசு வைப்பதில்லை, ரப்பர் கொட்டைதான். ஆளுக்கு இருபது கொட்டை. எல்லாவற்றையும் தோற்றவள் எழுந்து மழையில் போய், முதல் வரிசை மரத்தைத் தொட்டுப் பார்த்து, காய்ந்ததா இல்லையா என்று வந்து சொல்ல வேண்டும். போய்த் திரும்புவதற்குள் கால் நிறைய அட்டை ஏறிவிடும்.

யார் போய் வந்து "இன்னும் காயல" என்று சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். எழுந்து போய் நானும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். தோற்றவளும் நனைவாள், தோற்காத நானும் நனைவேன்.

"அனே பாக்கியம் அக்கே, ஒங்களுக்கு எல்லாருமே ஹொரு," என்பாள் சோமாவதி. கீழே கிராமத்தில் இருந்து வருகிற சிங்களப் பெண். பதினெட்டு வருஷமாக என் பக்கத்து மலையில் பால் வெட்டுகிறாள். ஹொரு என்றால் திருடர்கள். அவள் சொல்வது சரிதான்.

இது அப்பாவிடமிருந்து வந்த குணம். அப்பா தோட்டத்து வாச்சராக, காவல்காரராக இருந்தவர். வெட்டின காயத்தில் உறைந்து நாடா மாதிரி நிற்கிற ரப்பருக்கு ஒட்டுப்பால் என்று பெயர். அதைத்தான் ஆட்கள் கடத்துவார்கள். சாரத்து மடிப்பில், சோற்றுப் பெட்டியில், ஒரு தடவை ஒருவர் தலைப்பாகைக்குள். ஒட்டுப்பாலின் நாற்றம் இருக்கிறதே, அதை அப்பா பத்தடி தூரத்தில் மூக்கால் பிடித்துவிடுவார். வீட்டுக்கு வந்ததும் எங்கள் பள்ளிக்கூடப் பைகளையும் ஒரு தடவை திறந்து பார்ப்பார். பாசத்தோடுதான் பார்ப்பார், ஆனால் பார்ப்பார்.

அதனால் என் ஒட்டுப்பால் கூடையை நான் யார் பொறுப்பிலும் விட்டதில்லை. முந்தின நாள் உரித்ததைச் சுத்தம் செய்து மறுநாள் நிறுத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். மற்றப் பெண்கள் கூடைகளைக் கொட்டில் மூலையில் வரிசையாக வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு ஆட உட்காருவார்கள். நான் கூடையை மடியில் வைத்துக்கொண்டே ஆடுவேன். ஆட்டத்துக்கு நடுவில் நாடாவில் ஒட்டியிருக்கிற பட்டைத் துணுக்குகளையும் பிய்த்துக்கொள்வேன். காவலுக்குக் காவல், வேலைக்கு வேலை.

நிரோஷா கொண்டு வந்த ஆட்டம்

முன்பெல்லாம் ரம்மி ஆடினோம். சோமாவதி ஆட்கள் அதிகம் வந்தால் அவர்கள் ஊர் ஆட்டமான ஓமி. போக்கர் என்கிற ஆட்டத்தைக் கொண்டு வந்தவள் நிரோஷா, என் தம்பி ரவியின் மனைவி. றக்வானப் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பெண். கல்யாணத்துக்கு முன் கொழும்புப் பக்கம் காமெண்ட் தொழிற்சாலையில் தையல் வேலை. கரண்ட் வெட்டிய காலத்தில் மெஷின் ஓடாமல் சும்மா இருந்தபோது போர்டிங் பிள்ளைகள் கூடி இந்த ஆட்டத்தைப் பழகினார்களாம்.

புகுந்த வீட்டுக்கு வருகிற பெண் குத்துவிளக்கோடு வருவாள், பாத்திரத்தோடு வருவாள். இவள் சீட்டுக்கட்டோடு வந்தாள். நான் எப்படி நம்புவது, சொல்லுங்கள்.

"ஆளுக்கு ரெண்டு சீட்டு அண்ணி. அத யாருக்கும் காட்டக்கூடாது. நடுவுல அஞ்சு சீட்டு, அது எல்லாருக்கும் பொது. மொதல்ல மூணு திறப்போம், அப்புறம் ஒண்ணு, அப்புறம் ஒண்ணு. நம்ம ரெண்டையும் நடுவுல உள்ளதையும் பாத்து, நல்லதா அஞ்சு சேக்கணும்."

"நல்லதுன்னா?"

அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. ஒரே எண் இரண்டு வந்தால் சோடி. சோடியை இரண்டு சோடி வெல்லும். அதை ஒரே எண் மூன்று வெல்லும். ஐந்து சீட்டும் வரிசை எண்ணாக வந்தால் அதற்கு மேல். ஐந்தும் ஒரே இனம் என்றால் இன்னும் மேல். மூன்றும் இரண்டுமாகச் சேர்ந்தால் அதையும் வெல்லும். ஒரே எண் நாலு வந்தால் கிட்டத்தட்ட அசைக்க முடியாது. ஐந்தும் ஒரே இனமாகவும் வரிசையாகவும் வருவதுதான் உச்சம். அதை நான் இதுவரை கண்ணால் பார்த்ததில்லை. பார்த்தாலும் நம்புவேனா என்பது வேறு கதை.

நடுவில் சீட்டுத் திறக்கத் திறக்க, கொட்டையைப் போட்டுத் தொடரலாம், கூட்டலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்து ஒதுங்கலாம். புதிதாக ஆடுகிறவர்கள் ஒதுங்க மாட்டார்கள். கைக்கு வந்ததை எல்லாம் ஆடுவார்கள். நாங்களும் முதல் வாரம் அப்படித்தான் ஆடினோம்.

"பத்து தடவ சீட்டு வந்தா ஏழு தடவ கவுத்துரணும் அண்ணி. எல்லாத்தையும் ஆடுறவங்கதான் மழையில போறாங்க," என்றாள் நிரோஷா.

நாங்கள் ஒதுங்கிக்கொண்டால் இவளுக்கு லாபம்தானே என்று நினைத்தேன். இரண்டு நாள் மழையில் போய் வந்த பிறகுதான் அவள் சொன்னது சரி என்று பட்டது.

இன்னொன்றும் சொன்னாள். கடைசியாகப் பேசுகிறவருக்குத்தான் வசதி, முன்னால் உள்ளவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். அந்த இடம் சுற்றிச் சுற்றி எல்லோருக்கும் வரும். எனக்கு முறை தப்புகிறதோ என்று தரையில் கரிக்கோடு போட்டு வைத்துக்கொண்டேன்.

ஒன்றும் இல்லாமலே நல்ல சீட்டு இருப்பது மாதிரி கொட்டையை அள்ளிப் போடுவதற்கு டூப் அடிப்பது என்று பெயர். "அத அடிக்கடி செய்யக்கூடாது. எப்பவும் ஒழுங்கா ஆடுறவங்க எப்பயாச்சும் ஒரு தடவ டூப் அடிச்சாத்தான் மத்தவங்க நம்புவாங்க," என்றாள்.

கடைசிப் பாடம் எனக்கு மிகவும் பிடித்தது. "சீட்ட பாத்துக்கிட்டு இருக்காதீங்க. ஆள பாருங்க. எல்லார்கிட்டயும் ஏதாச்சும் ஒண்ணு இருக்கும்."

ஆளைப் பார்ப்பது எனக்குச் சொல்லியா தர வேண்டும்? நல்ல சீட்டு வந்தால் சோமாவதி வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிடுவாள். முதல் நாளே கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் நிரோஷாவிடம் ஒன்றும் கிடைக்கவில்லை. ராஜா வந்தாலும் இரண்டு வந்தாலும் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி ஒரே முகம். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தக் கட்டு வந்த முதல் வாரத்தில் நான் ஒரு பெரிய ஆட்டம் ஜெயித்தேன். கையில் இரண்டு ஏழு, நடுவில் ஒரு ஏழு. எல்லோர் கொட்டையும் என் முந்தானைக்கு வந்தது. இரண்டு நாள் லயம் முழுக்க அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதற்குப் பிறகு அப்படி ஜெயிக்கவே இல்லை. எனக்கு நல்ல சீட்டு வருகிற நேரம் பார்த்து எல்லோரும் கவிழ்த்துவிட்டார்கள். முக்கியமாக நிரோஷா. அவளுக்கு எப்படித் தெரிகிறது?

ஆடுதன் ராஜாவின் முதுகில் அந்தப் புள்ளியைப் பார்த்ததும் எப்படித் தெரிகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டதாக நினைத்தேன்.

பிள்ளைக்காம்பரா வேலை

அந்தச் சமயத்தில் எங்கள் பிள்ளைக்காம்பராவுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. தாய்மார் வேலைக்குப் போகிற நேரத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை.

நிரோஷாவுக்கு அந்த வேலை கட்டாயம் வேண்டியிருந்தது. பால் உறையாமல் இருக்க அமோனியா கலப்போம். அந்த வாடை அவள் உடம்புக்கு ஆகவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்குள் வந்தாலே மூச்சு இழுக்கத் தொடங்கிவிடும். மாதத்தில் இரண்டு தடவை ரவி அவளை டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடுவான். "பால் வேலைய விடச் சொல்லுங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். தோட்டத்தில் பால் வேலையை விட்டால் வேறு என்ன வேலை?

தோட்டத்து ஆட்களின் நலன் பார்க்கிற வெல்பெயர் மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர். மாற்றலாகி வந்தவர், நல்லவர், ஆனால் எதையும் எழுத்தில் கேட்பவர். அவர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "பாக்கியம், உங்கட தம்பியின்ர மனிசி எப்பிடி? பிள்ளையளை நம்பி விடலாமோ? தாய்மார் சம்மதிச்சால்தான் நான் மாசக் கடைசியில பேர் அனுப்பலாம்," என்றார்.

"பாத்துச் சொல்றேன் மிஸ்," என்றேன்.

என் தம்பி மனைவி. மூச்சு வாங்குகிறவள். "நல்ல பிள்ளை" என்று இரண்டு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வாரம்தான் புள்ளியைப் பார்த்தேன்.

கற்பூரம்

மறுநாள் காலை எல்லோரும் உட்கார்ந்ததும், சீட்டுகளைக் கவிழ்த்துத் தரையில் பரப்பினேன். மடியில் கூடை இருந்தபடியே இருந்தது.

"எல்லாரும் நல்லா பாருங்க. ஏஸ்ல புள்ளி, ராஜாவுல புள்ளி. இது யாரு கட்டு? யாரு கொண்டாந்தா? யாரு நல்லா ஆடுறா?"

பெண்கள் ஒவ்வொரு சீட்டாக எடுத்துப் பார்த்தார்கள். நிரோஷாவும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் முகத்தை இல்லை, மடியை. கூடைக்குள் இருந்த என் கையை. அவள் என் முகத்துக்கு நேரே பார்க்கப் பயப்படுகிறாள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

"நான் வைக்கல அண்ணி."

"அப்ப கற்பூரம் அணை."

எங்கள் தோட்டத்தில் ஒரு பொருள் காணாமல் போனால் பொலிசுக்குப் போவதற்கு முன் மாரியம்மன் கோயிலுக்குத்தான் போவோம். வாசல் கல்லில் கற்பூரத்தை ஏற்றுவார்கள். பழி சுமந்தவர் தன் வார்த்தையைச் சொல்லி, உள்ளங்கையால் அதை அடித்து அணைக்க வேண்டும். பொய் சொல்லி அணைத்தவர் விளங்கமாட்டார் என்று எல்லோரும் நம்புகிறோம். கிராமத்திலிருந்து வருகிற சோமாவதிகூட அந்தக் கல்லை மிதிக்க மாட்டாள். அணைக்க மறுத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகத்தான் அர்த்தம்.

வெள்ளிக்கிழமை காலை கற்பூரம் ஏற்றினோம். "நான் புள்ளி வைக்கலன்னு சொல்லி அணைக்கட்டும், போதும்," என்றார்கள் பெண்கள்.

எனக்குப் போதவில்லை. வேறு யாரோ புள்ளி வைத்து, இவள் அதைத் தெரிந்து ஆடியிருந்தால்? கூட்டுக்களவாக இருந்தால்? ஒரு பொத்தலையும் விடக்கூடாது என்று என் புத்தி ஓடியது.

"ரெண்டையும் சொல்லணும். நான் வைக்கல. வச்சது யாருன்னும் எனக்குத் தெரியாது. இப்பிடி முழுசா சொல்லி அணை."

நிரோஷாவின் கை நெருப்புக்குப் பக்கத்தில் போனது. அங்கேயே நின்றது.

"மொத சொன்னத மட்டும் சொல்லி அணைக்கிறேன் அண்ணி."

"ரெண்டையும் சொல்லு."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். அம்மனைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு எழுந்து லயத்துப் பக்கம் நடந்தாள். கற்பூரம் தானாக எரிந்து அடங்கியது.

மத்தியானத்துக்குள் மூன்று லயத்துக்கும் செய்தி போய்விட்டது. சீட்டில் களவு செய்கிறவளிடம் பிள்ளையை விட மாட்டோம் என்று தாய்மார் மிஸ்ஸிடம் சொல்லிவிட்டார்கள். ரவி என்னோடு பேசுவதை நிறுத்தினான். நான் கவலைப்படவில்லை. முதல் பாதியைச் சொல்லி அணைக்க அவள் தயாராக இருந்தாளே என்பது மட்டும் தொண்டையில் மீன் முள் மாதிரி இருந்தது. அதையும் விழுங்கிவிட்டேன்.

என் கட்டு, என் பை

எஹலியகொட டவுனுக்குப் போய் நானே ஒரு புதுக் கட்டு வாங்கினேன். நானே பிரித்தேன். ஆட்டம் முடிந்ததும் நானே எண்ணிக் கட்டி, என் துணிப் பைக்குள் போட்டு, வீட்டில் அரிசிப் பானைக்குள் வைத்தேன். யாரும் தொட வழி கிடையாது.

நிரோஷா ஆட வரவில்லை. மழை நாளில் கொட்டிலுக்கு வெளியே, தகரத்தின் கீழ் தனியாக நின்றுகொண்டிருப்பாள். மழைச் சத்தத்துக்கு இடையில் அவள் இருமுவது கேட்கும். கேட்காத மாதிரி சீட்டுப் போடுவேன்.

பத்து நாள் ஆகியிருக்கும். டைமன் ஏஸைப் போடும்போது அதன் முதுகில் ஒரு பழுப்புப் புள்ளி இருந்தது.

என் முதல் எண்ணம் என்னவென்று மறைக்காமல் சொல்கிறேன். சோமாவதி! வெற்றிலைக் காவி! அவளை ஓரக் கண்ணால் பார்த்தேன். அவள் பாட்டுக்கு மென்றுகொண்டிருந்தாள். பிறகு யோசித்தேன். கட்டு என்னுடையது. பை என்னுடையது. அரிசிப் பானை என்னுடையது. சந்தேகப்பட ஆளே இல்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குச் சந்தேகப்பட ஆள் கிடைக்கவில்லை.

அந்த ஆட்டத்தில் எனக்கு இரண்டு ராஜா வந்தது. தரையில் கவிழ்த்து வைத்தேன். எவளாவது எட்டிப் பார்த்துவிடுவாளோ என்று, ஆள்காட்டி விரலால் மூலையில் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். நல்ல சீட்டு வந்தால் நான் எப்போதும் செய்கிற காரியம். ஒன்றுக்கும் ஆகாத சீட்டை யார் பார்த்தால் என்ன என்று விட்டுவிடுவேன்.

விரலை எடுத்தேன். ராஜாவின் முதுகில் ஈரமாக, புதிதாக, ஒரு புள்ளி.

குனிந்து மடியைப் பார்த்தேன். கூடை. பிய்த்துக்கொண்டிருந்த ஒட்டுப்பால். விரல் நுனியில் பிசுபிசு என்று பழுப்புக் கறை. பழைய கட்டில் புள்ளி விழுந்த இரண்டு ஏழும் ஞாபகம் வந்தது. லயம் முழுக்க நான் சொல்லித் திரிந்த அதே இரண்டு ஏழு.

இரண்டு ராஜாவையும் கவிழ்த்துவிட்டு எழுந்தேன்.

"மொகத அக்கே, என்னா ஆச்சு?" என்றாள் சோமாவதி.

"ஒண்ணும் இல்ல," என்றேன். வெளியே வந்தேன். தகரத்தின் கீழே நிரோஷா நின்றிருந்த இடத்தில் அவள் இல்லை. இருமல் அதிகமாகி வீட்டுக்குப் போய்விட்டாளாம்.

பீலிக்கரையில்

சாயங்காலம் பீலியில் தண்ணீர் பிடிக்க வந்தாள். நான் முன்பே போய் நின்றுகொண்டிருந்தேன். விரலைத் தேங்காய்ப் பொச்சால் தேய்த்துத் தேய்த்துத் தோல் சிவந்திருந்தது. கறை போகவில்லை.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் வாயைத் திறந்ததும் வந்தது கேள்விதான்.

"ஒனக்குத் தெரியுமா?"

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "தெரியும் அண்ணி."

"எப்ப இருந்து?"

"நீங்க சீட்ட பரப்பிக் காட்டுனீங்கல்ல, அன்னைக்குத்தான். அதுக்கு முன்னுக்குப் புள்ளிய நான் கவனிக்கவே இல்ல. நான் பாத்தது ஒங்க வெரலத்தான். நல்ல சீட்டு வந்தா வெரலு அது மேல ஏறி ஒக்காந்துக்கும். அன்னைக்குப் புள்ளியயும் பாத்தேன், கூடையயும் பாத்தேன். வெளங்கிருச்சு."

"அப்ப எல்லார் முன்னுக்கும் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா? அத்தன பேரு முன்னுக்கும் நான் கள்ளின்னு சொல்லிட்டீங்க. நான் திருப்பி, நீங்கதான் வச்சீங்கன்னு சொன்னா யாரு தெரியாம வச்சதுன்னு நம்புவாங்க? வாச்சர் மகளே களவு செஞ்சிட்டான்னு பேசுவாங்க. எனக்கு ஒரு வேலதான் போகும். நீங்க இந்தத் தோட்டத்துல பொறந்து வளந்தவங்க."

அந்த நேரத்திலும் உள்ளுக்குள் ஒரு குரல், இவள் எதற்காக இப்படி நல்லவளாக இருக்கிறாள், என்ன வேண்டும் இவளுக்கு என்று கேட்டது. என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

"அப்ப கற்பூரத்தயாச்சும் அணைச்சிருக்கலாமே. தெரியாதுன்னு ஒரு வார்த்த."

"தெரியுமே அண்ணி. தெரியாதுன்னு எப்பிடி அணைக்கிறது? மொத சொன்னத சொல்லி அணைக்கிறேன்னு சொன்னேன். நீங்கதான் முழுசா கேட்டீங்க."

வாளி நிரம்பி வழிந்தது. நான் தூக்கிக்கொண்டேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

மிஸ்ஸின் வெள்ளைத் தாள்

மறுநாள் பெரட்டுக்கு மிஸ் வந்திருந்தார். மாசக் கடைசி. பெயர் அனுப்ப வேண்டிய நாள். ஃபைலைத் திறந்துகொண்டு நின்றார்.

முந்தின நாள் வேலையில் ஒட்டிய கறை இன்னும் என் விரலில் இருந்தது. எல்லோரும் கேட்கும்படி சொன்னேன். "மிஸ், சீட்டுல புள்ளி வச்சது நிரோஷா இல்ல. நான்தான். தெரியாம வச்சிட்டேன்."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. மிஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாக்கியம், அண்டைக்கு அவ எண்டு சொன்னனீங்கள். இண்டைக்கு நான் எண்டு சொல்லுறியள். வீட்டில தம்பி பேசினவரோ? வேலை கிடைக்கவேணும் எண்டு சொல்லுறியளோ? நான் எதை நம்புறது?"

நாற்பத்தாறு வருஷம் நான் மற்றவர்களைப் பார்த்த பார்வையால் அவர் என்னைப் பார்த்தார். ஒரு பொய்யும் சொல்லாமல் நின்று, ஒருவரும் நம்பாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இதைத்தான் அந்தப் பெண் கற்பூரத்துக்கு முன்னால் தாங்கிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. கூடைக்குள் கையை விட்டு ஒட்டுப்பாலைப் பிசைந்தேன். மிஸ்ஸின் ஃபைலில் இருந்த வெள்ளைத் தாளின் மூலையில், ஆள்காட்டி விரலை வைத்து ஓர் அழுத்து அழுத்தினேன். "ஐயோ, அது ஹெட் ஒஃபிசுக்குப் போறது!" என்று மிஸ் கத்தினார். விரலை எடுத்தேன். கடுகு அளவுக்குப் பழுப்புப் புள்ளி.

சோமாவதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். பழைய கட்டு அவளிடம்தான் இருந்திருக்கிறது. இடுப்பிலிருந்து ஆடுதன் ராஜாவை எடுத்து, தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து முகர்ந்தாள். மூக்கைச் சுளித்தாள். சீட்டை முகர்ந்தாள். மறுபடி மூக்கைச் சுளித்தாள்.

"ஹரி மிஸ், சரிதான், இது அக்கேட வெரல்தான்," என்றாள். "எங்களுக்குத் தெரியும். அக்கே நல்ல சீட்டு வந்தா வெரல வச்சி அமத்துவாங்க. வெரல் ஏறினா நாங்க எல்லாம் கவுத்துருவம். ஆனா புள்ளி அதுல இருந்து வருதுன்னு எங்களுக்கு ஓடல்ல, அனே."

"எல்லாருக்குமா தெரியும்?" என்று கேட்டேன்.

பெண்கள் சிரித்தார்கள். யாரோ ஒருத்தி, "மொத வாரமே தெரியும்க்கா," என்றாள். ஆறு பேரை நான் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். என்னை நான் மட்டும்தான் பார்க்கவில்லை.

நிரோஷா சிரிக்கவில்லை. மிஸ் புதுத் தாள் ஒன்றை எடுத்து, தாய்மாரை ஒவ்வொருவராகக் கேட்டு, அவள் பெயரை எழுதினார். அதற்குப் பிறகுதான் அவள் முகம் மாறியது. அழுதாள். இத்தனை நாள் அவள் முகத்தில் நான் தேடிக்கொண்டிருந்தது ஒரு வழியாகக் கிடைத்தது. பார்க்க முடியாமல் நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மரம் தொட்டவள்

அடுத்த மழை நாளில் என் கூடையைக் கொட்டில் மூலையில், மற்றக் கூடைகளோடு வைத்தேன். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன். ஆட உட்கார்ந்த பிறகு மூன்று தடவை திரும்பிப் பார்த்தேன். "ஓடிப் போகாது அக்கே," என்றாள் சோமாவதி.

விரலை எங்கே வைப்பது என்று தெரியாமல் அன்றைக்கு ஆடியது போல் மோசமாக நான் என்றைக்கும் ஆடியதில்லை. இருபது கொட்டையும் போய்விட்டது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மழையில் இறங்கினேன்.

வழியில் பிள்ளைக்காம்பரா. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நிரோஷா ஒரு பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்து ஏதோ பாடினாள். இருமல் வருகிறதா என்று கொஞ்ச நேரம் நின்று கேட்டேன். வரவில்லை.

முதல் வரிசை மரத்தில் கையை வைத்தேன். பட்டை ஊறிப் போயிருந்தது.

கொட்டிலுக்குத் திரும்பி, காலில் இருந்த அட்டையைத் தட்டிவிட்டு, "இன்னும் காயல" என்றேன்.

யாராவது எழுந்து போய்ப் பார்ப்பார்கள் என்று நான் காத்திருந்தேன். அப்படித்தானே இத்தனை வருஷமாக நான் செய்தேன். ஒருவரும் எழவில்லை. சோமாவதி சீட்டைக் கலைத்து அடுத்த ஆட்டத்துக்குப் போட ஆரம்பித்தாள். எனக்கும் இரண்டு சீட்டு விழுந்தது.